எப்போலேர்ந்து சார்

"எப்போலேர்ந்து?"

சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று மனைவி சொன்னதும் அவர் குழாயைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார்.

"காலையிலேர்ந்து."

"நேத்து சொட்டலையா?"

"கவனிக்கல."

"சொட்டலையா, சொட்டினதைக் கவனிக்கலையா? ரெண்டும் வேற வேற."

அந்த அம்மாள் பல் மருத்துவர். வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களோடு நாள் முழுக்கப் பேசிப் பழகியதால் பொறுமை கொஞ்சம் தூக்கல். குழாயைத் திறந்தார், மூடினார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொட்டவில்லை. "பாத்தியா?" என்று அவர் நிமிர்ந்தபோது, டொக்கென்று ஒரு சொட்டு விழுந்தது. மனிதரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "வந்துடுச்சு! மறுபடி வருது!" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரைத் தேடி ஓடினார். சோம்பேறி என்று மட்டும் யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. தன் கண் முன்னால் மறுபடி நடந்துகாட்டாத பழுதைத்தான் அவர் தொடமாட்டார்.

தெருவில் அவருக்கு 'எப்போலேர்ந்து சார்' என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் முதுகு வலிக்கிறது என்று ஒரு முறை பேச்சுவாக்கில் சொல்லப்போய், எந்தப் பக்கம், குனிந்தாலா நிமிர்ந்தாலா, வலிப்பதற்கு முன்னால் கடைசியாக என்ன மாற்றம் செய்தீர்கள் என்று வாசலிலேயே விசாரணை நடந்தது. கடைசியில் புது மெத்தைதான் காரணம் என்று தெரிந்தது, அதுவும் உண்மை. ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு இவரைக் கண்டால், நல்லா இருக்கேன், ரொம்ப நல்லா இருக்கேன் என்று கேட்காமலே சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

பகலில் அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறார். அது சம்பளத்துக்கு. உயிர் இருப்பது வேறொன்றில். கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, யார் யாரிடம் என்ன கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள், யார் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், கை வைத்துத் திருத்தலாம். எங்கெங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். புதுப் புது வசதிகள் சேர்க்கிறவர்களுக்கு அங்கே மாப்பிள்ளை மரியாதை. இவர் விருந்து முடிந்த பிறகு நாற்காலிகளை அடுக்குகிற ஆள். அதாவது, பராமரிப்புப் பதிப்பு இவர் பொறுப்பு.

பராமரிப்புப் பதிப்பு என்றால் என்ன என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டால், "புதுசா ஒண்ணும் வராது. இருக்கறது விழாது. அவ்வளவுதான்" என்பார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு இருக்கும். ஒவ்வொரு பதிப்பும் வெளியான பிறகு, உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாராவது 'போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை' என்று எழுதுவார்கள். மற்றவர்களுக்கு அது அலட்சியமாகப் படலாம். இவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு முறை வாசித்துக் காட்டுவார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். சோபாவின் ஒரு காலுக்கு அடியில் பழைய கணினிப் புத்தகம் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அவர் போட்டிருக்கும் செருப்பில் முதலில் வாங்கியபோது இருந்த பாகம் எது என்பதில் கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு உண்டு. குளிர்பதனப்பெட்டி மாற்றலாமா என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "அது புது வசதி. அடுத்த பெரிய பதிப்புல பாக்கலாம்" என்றார்.

"அது எப்ப வரும்?"

"தேதி இன்னும் அறிவிக்கல."

மென்பொருளின் இணையதளத்தில் 'பிழையை எப்படிப் பதிவு செய்வது' என்று ஒரு பக்கம் உண்டு. அதை எழுதியவர் இவர்தான். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது, எப்போதிலிருந்து, மறுபடி வரவைக்க முடியுமா, மாதிரிக் கோப்பு இருக்கிறதா. இத்தனையும் இல்லாமல் வரும் புகாரை அவர் கண்ணெடுத்தும் பாரார். அதே சமயம் நியாயஸ்தர். பதிவு ஒழுங்காக வந்துவிட்டால், அனுப்பியவர் யார், எவர் என்றெல்லாம் கேட்காமல் உட்கார்ந்து தீர்த்துக்கொடுப்பார். அனுப்பியவரே சரியாகிவிட்டது என்று சொன்னால் ஒழிய அந்தப் பதிவை மூடவும் மாட்டார். "வலி போச்சான்னு வலிச்சவங்கதான் சொல்லணும்" என்பார்.

இந்த நியாயத்தில் வசமாக மாட்டிக்கொண்டவள் அவருடைய ஒரே தங்கை.

அதே ஊரில், ஒரே பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில், தங்கை ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். படம் எடுப்பது, அச்சடிப்பது, அட்டை போடுவது எல்லாம் அவளே. கொஞ்ச நாளாக அங்கே பெரிய பிரிண்டர் ஒரு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. காலையில் சமர்த்தாக வேலை செய்யும். மதியம் ஆனால் கணினியின் கண்ணில் படாமல் மறைந்துவிடும். அணைத்துப் போட்டால் வரும், மறுபடி மறையும். அண்ணனுக்கு இதுதானே தொழில் என்று தங்கை ஃபோன் செய்தாள்.

"மை இருக்கா பாரு" என்றார் அண்ணன்.

மை இருந்தது. அடுத்த முறை கூப்பிட்டபோதும் அதையே கேட்டார். அதற்கடுத்த முறை அவள் எடுத்த எடுப்பிலேயே, "அண்ணா, மை இருக்கு" என்றுதான் ஆரம்பித்தாள். அவர் அப்போது பராமரிப்புப் பதிப்பு வேலையில் மூழ்கிக் கிடந்தார். "சும்மா வேலை செய்யலைன்னா நான் என்னத்தப் பாக்கறது? எப்போலேர்ந்து, எப்படி, எல்லாம் எழுதி ஒழுங்கா ஒரு பதிவு போடு. பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.



"அண்ணா, பள்ளிக்கூடத்துப் படமெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்கணும். போன வருஷமே தாமதம். இந்த வருஷமும் சொதப்பினா வேற கடைக்குப் போயிடுவாங்க. அந்த வேலை இல்லைன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான். உனக்கு நான் பதிவு போடணுமா?"

"கோவப்படாதே. எல்லாருக்கும் அதுதான் விதி."

"சரி" என்று வைத்தவள்தான். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அவர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அவருக்கும் உள்ளே உறுத்தியது. உறுத்தாமல் என்ன செய்யும்? கூடப் பிறந்தவள். ஆனால் பதிப்பு வெளியாக வேண்டிய நாளும் அதே சனிக்கிழமை. குறித்த தேதியை அவர் ஒரு முறைகூடத் தள்ளிப்போட்டது இல்லை. இதை முடித்த கையோடு போய்ப் பார்த்துவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"உங்க தங்கச்சி பேசினாளா?" என்று மனைவி அவ்வப்போது கேட்பார்.

"கோவமா இருக்கா."

"எப்போலேர்ந்து?" என்பார் அந்த அம்மாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவர் காது கேட்காதவர் மாதிரி எழுந்து போய்விடுவார்.

அந்த வாரத்தில்தான் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மென்பொருளுக்கு ஒரு பதிவு வந்தது. படித்துவிட்டு அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அப்படி ஒரு பதிவை அவர் பார்த்ததே இல்லை. அவர் எழுதிவைத்த பக்கத்தை மனப்பாடம் செய்தவர்போல, கேட்ட ஒவ்வொன்றுக்கும் கேட்ட வரிசையில் பதில். என் வலையமைப்பில் ஒரு பழுது, அதைக் கண்டுபிடிக்க உங்கள் மென்பொருளை இறக்கிக்கொண்டேன், பதிவு செய்த கோப்பைத் திறந்தால் மென்பொருளே விழுந்துவிடுகிறது, என் மொழியில் பெயர் வைத்த ஒரு கருவி இருக்கிறது, அதுதான் காரணமோ என்று சந்தேகம், மாதிரிக் கோப்பு இணைத்திருக்கிறேன். அனுப்பியவர் பெயர் ஆங்கில எழுத்தில் 'மாயிருக்கு' என்கிற மாதிரி ஏதோ இருந்தது. பனி கொட்டும் நாட்டுக் குடும்பப் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கோப்பைத் திறந்தார். திரையில் சில கட்டங்களும் கேள்விக்குறிகளும் தெரிந்தன. பிறகு மென்பொருள் பொத்தென்று மூடிக்கொண்டது.

"விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் அந்த அம்மாள் யாரோ மாடிப்படியில் விழுந்துவிட்டார்கள் என்று பதறி ஓடிவந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"இங்க பாரு. பதிவுன்னா இது பதிவு! ஒரு வார்த்தை கூடுதல் இல்ல, ஒரு வார்த்தை குறைச்சல் இல்ல. மகராசன், யாரு பெத்த பிள்ளையோ!"

மனைவி திரையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "நல்லா பதில் எழுதுங்க. பாவம், ரொம்ப கஷ்டப்பட்டு எழுதியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனார்.

அவர் எழுதினார், அதுவும் உருகி உருகி. 'தங்களைப் போன்ற ஒருவர் பிழை சொல்வது எங்கள் பாக்கியம். சனிக்கிழமைப் பதிப்பிலேயே திருத்திவிடுகிறேன். நீங்கள் கவலையே படவேண்டாம்.' தங்கைக்கு அவர் வாழ்நாளில் இவ்வளவு இனிப்பாக ஒரு வரி எழுதியது கிடையாது.

சனிக்கிழமை காலையில் பிழை பிடிபட்டது. ஆங்கில எழுத்து ஒன்று கணினிக்குள் ஒரு இருக்கையில் உட்கார்ந்துவிடும். நம் எழுத்துக்கு அது போதாது, குறைந்தது மூன்று இருக்கை சேர்ந்தாற்போல வேண்டும். இந்த மென்பொருளோ நீளமான பெயரைக் கண்டால் ஒரு அளவுக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடும். வெட்டு ஒரு எழுத்தின் நடு மார்பில் விழுந்தால், மிச்சத்தை வாசிக்கத் தெரியாமல் தானும் விழும். எழுத்து முடியும் இடம் பார்த்து வெட்டு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அந்த மாதிரிக் கோப்பை மறுபடி திறந்தார்.

இந்த முறை விழவில்லை. கட்டங்களும் கேள்விக்குறிகளும் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்து உட்கார்ந்தன, தமிழ் எழுத்துகள். ஒரு கணினி தன் வலையமைப்பில் இருக்கும் எல்லாரிடமும் ஒரு பிரிண்டரைத் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தது. பிரிண்டரின் பெயர் முழுதாகத் தெரிந்தது.

'கூப்பிட்டா வராத அண்ணன்.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். பெயர் மாறவில்லை. கூப்பிட்டா வராத அண்ணன் எங்கே? பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், கூப்பிட்டா வராத அண்ணன் எங்கே? அதற்கும் பதில் இல்லை. அவர் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். பக்கம் பக்கமாக அதே கேள்வி. அந்தக் கணினி சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒட்டுக்கேட்பதையே வேலையாக வைத்திருக்கும் மனிதர், பதிவை அனுப்பியவரின் பெயருக்குத் திரும்பிப் போனார். 'மாயிருக்கு' என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தார். "மை இருக்கு" என்று வந்தது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"என் க்ளினிக்ல, காத்திருக்கறவங்க நாற்காலியில உக்காந்துதானே எழுதினா. நீங்க எழுதின விதியையெல்லாம் படிச்சுப் படிச்சுத் திட்டிக்கிட்டே எழுதினா." அந்த அம்மாள் கதவோரம் வந்து நின்றார். "பேரு வெச்சது ஒரு மாசத்துக்கு முன்னாடி. நீங்க ரெண்டாவது தடவையும் மை இருக்கான்னு கேட்டு ஃபோனை வெச்ச பிறகு."

 அவர் கோப்பைத் திரும்பவும் மேலிருந்து பார்த்தார். இப்போது பழுதும் பளிச்சென்று தெரிந்தது. வலையமைப்பில் பிரிண்டர் இருக்கும் அதே எண் முகவரியில் மதியம் ஆனால் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அது ஒரு டிவி. பிரிண்டர் சண்டைக்குப் போவதில்லை, எழுந்து ஒதுங்கிவிடுகிறது. அந்த முகவரியைப் பிரிண்டருக்குக் கொடுத்தது யார் என்பதும் அவருக்கு நினைவு வந்தது. கடை திறந்த அன்று அவரேதான் கொடுத்தார். பேருந்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்த மாதிரி பிரிண்டருக்கு ஒரு முகவரியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, முகவரிகளைப் பங்கிடும் ரூட்டரிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். "இப்போதைக்கு இது ஓடட்டும். அடுத்த வாரம் வந்து சரியா பண்ணிடறேன்" என்று சொன்னதும் நன்றாக நினைவிருந்தது. அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

தன்னார்வலர்கள் எல்லாரும் பதிப்புக்காகக் காத்திருந்தார்கள். அவர் அவர்களுக்கு ஒரு வரி எழுதினார். 'வெளியீடு தாமதம். வீட்டில் ஒரு பராமரிப்பு வேலை.' செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், "ரொம்ப நல்லா இருக்கேன்" என்றார். அதைக் கேட்க அவருக்கு நேரம் இல்லை.

ஸ்டூடியோவில் தங்கை பிரிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் நீலம். மேஜையில் பாதிப் பள்ளிக்கூடம் அச்சாகி அடுக்கியிருந்தது, மிச்சப் பாதி கணினியிலேயே சிரித்துக்கொண்டிருந்தது. மதியம் ஆகிவிட்டது, பிரிண்டர் மறைந்துவிட்டது. அண்ணனைப் பார்த்ததும் அவள் முகத்தில் என்ன வந்தது என்று பிடிபடுவதற்குள் அதை மறைத்துக்கொண்டாள்.

"பதிவு போட்டுட்டு வந்தியா?" என்றாள்.

"பக்கத்துக் கடையில டிவி இருக்கா?"

"சலூன்ல இருக்கு. ஏன்?"

"உன் வைஃபையிலயா ஓடுது?"

"அவருதான் கேட்டாரு, கொடுத்தேன். மதியத்துல ஆளே வர்றதில்ல, பொழுது போகலைன்னாரு."

"எப்போலேர்ந்து?"

கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அந்த வார்த்தை வரலைன்னா உனக்கு மூச்சே வராதா அண்ணா?" என்றாள். பக்கத்துக் கடைக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். டிவியில் கொஞ்ச நாளாக, 'உங்கள் படங்களை அச்சிடவா' என்று என்னவோ வந்து வந்து போகிறது, பேய் பிசாசு வேலையோ என்று நினைத்து நான் யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

அவர் ரூட்டரைத் திறந்து, கடை திறந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தார். இந்த இடம் பிரிண்டருடையது, வேறு யாருக்கும் தராதே. டிவிக்கு வேறு இடம் கிடைத்தது. பிரிண்டர் ஒரு முறை முனகியது, உருளைகள் சுழன்றன. ஒரு பையனின் முகம் நெற்றி, கண், முன்பல் இல்லாத சிரிப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. தங்கை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். பிறகு அண்ணனை அட்டை வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"நான்தான் தப்பு பண்ணேன்" என்றார் அவர், வெட்டிக்கொண்டே. "ரூட்டர்ல சொல்ல மறந்துட்டேன். நீ கூப்பிட்டப்பவே வந்து பாத்திருக்கணும்."

"கோணலா வெட்டாதே. பிள்ளைங்க காது போயிடும்."

"பிரிண்டர் பேரை மாத்திடட்டுமா?"

"அது இருக்கட்டும். உறைக்கும்."

பள்ளிக்கூடத்து அலுவலக உதவியாளர் சாயங்காலம் வந்தபோது படங்கள் எல்லாம் உறை போட்டுத் தயாராக இருந்தன. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் இங்கேதான் என்று மேலிடத்தில் சொல்லிவிடுகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் எப்போலேர்ந்து சார் கடைக் கணினியிலேயே உட்கார்ந்து பராமரிப்புப் பதிப்பை வெளியிட்டார். திருத்தங்களின் கடைசியில், நீண்ட பெயர்களை இனி எழுத்து நடுவில் வெட்டாது, பிழையைச் சொன்னவர் 'மை இருக்கு', அவருக்கு நன்றி, என்று ஒரு வரி சேர்த்தார். எழுதி முடித்துவிட்டுத் தங்கையிடம் கைப்பேசியை நீட்டினார். அவள் போட்ட பதிவு அதில் திறந்திருந்தது. கீழே 'மூடு' என்று ஒரு பொத்தான்.

"சொன்னவங்க சரியாயிடுச்சுன்னு சொன்னாத்தான் மூடுவேன். நீயே அமுத்து."

தங்கை விரல் நீலத்தைத் துணியில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள். தான் எழுதியதையும், அண்ணன் உருகி உருகி எழுதிய பதிலையும் நிதானமாக ஒரு முறை வாசித்தாள். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

"ஒரு மதியம் வேலை செஞ்சா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா? இல்ல, பழுது இருந்தும் நாம கவனிக்கலையா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வந்து பாரு. அப்புறம் சொல்றேன்" என்றாள். பொத்தானை அமுத்தாமலே கைப்பேசியை அண்ணனின் சட்டைப் பைக்குள் போட்டு, வெளியே விழாதபடி ஒரு தட்டுத் தட்டிவிட்டாள்.